வகுப்புக்கு அடித்த மணி

வேங்கைவிளையில் கோயில் மணி இரண்டே விதமாகத்தான் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என்றால் தொடர்ந்து, கயிறு இழுக்கிறவனின் கை ஓய்கிற வரைக்கும். யாராவது செத்துப்போனால் ஒற்றை மணி. ஒரு அடி, அந்த ஓசை காற்றில் கரைந்து முடிகிற வரை ஒரு இடைவெளி, பிறகு இன்னொரு அடி. பாறசாலை தாண்டி மாநில எல்லையை ஒட்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒளிந்து கிடக்கிற அந்தச் சின்ன ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். தெரியாத ஒரே ஆள் ஜெயபாய் டீச்சர். அன்றைக்கு மணிக்கயிறு போய்ச் சேர்ந்ததும் அவள் கையில்தான்.

ஜெயபாய் கழக்கூட்டத்துக்காரி. அங்கே ஐ.டி. கம்பெனி பஸ்களும் ஹைவே லாரிகளும் போடுகிற இரைச்சலில் தேவதூதன் வந்து எக்காளம் ஊதினாலும் ஒருத்தருக்கும் கேட்காது. கோயில் மணியா கேட்கப் போகிறது? சாவுச் செய்தி எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும், கூப்பிய கைப் படத்தோடு. வேங்கைவிளைத் தமிழ் மீடியம் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு டீச்சராக வந்தவள், ஊர்க்காரர்கள் முகமெல்லாம் பழகுவதற்குள் கொரோனா வந்து பள்ளியைப் பூட்டிவிட்டது. பாறசாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஃபோனில் வகுப்பு நடத்தினாள். ஒரு வருஷம் அப்படியே ஓடி, இரண்டாம் அலையும் வந்து, ஜூன் மாதம் புதிய வகுப்பும் ஃபோனிலேயே தொடங்கியது.

ஃபோன் வகுப்பு என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகள் 'வந்திருக்கிறேன்' என்று ஹாஜர் போட வேண்டும். அதற்குப் பிறகு டீச்சர் பாடத்தைக் குரலில் பதிந்து அனுப்புவாள். ரேஞ்ச் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள், இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மாமரத்தில் ஏறிக் கேட்பார்கள். இதில் தினமும் முதல் ஹாஜர் ஒரே நம்பரிலிருந்துதான் வரும். ரப்பர் பால் வெட்டுகிற திரவியம் விடியுமுன்னே எழுந்து, தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற வழியில், உறங்கிக்கொண்டிருக்கும் தன் மகளுக்காக 'ஜிஜி ஹாஜர்' என்று போட்டுவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுப்பான்.

ஜெயபாய்க்கு இது பிடிக்கவில்லை. அவளுக்கு ஒழுங்கு முக்கியம். "ஹாஜர் போட வேண்டியது பிள்ளை. நீங்க இல்ல, கேட்டோ" என்று ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பிள்ளை உறங்குதாக்கும் டீச்சரே. நான் முழிச்சாச்சு. ஒரு வீட்டுல ஒருத்தர் முழிச்சா போராதா?" என்றான் திரவியம்.

இந்த மனிதனிடம் என்ன பேச முடியும்? அவள் திட்டுவதும் அவன் மறுநாளும் போடுவதுமாக அது நடந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் ஹாஜர் வரவில்லை. திரவியத்துக்குக் கொரோனா கண்டு, மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வந்து அவனை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தது. அவனோடு அந்த வீட்டில் இருந்த ஒரே ஃபோனும் போயிற்று. அவனை ஐ.சி.யு.வில் போட்டதிலிருந்து அந்த ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். ஜிஜியின் பள்ளிக்கூடம் அப்பாவின் சட்டைப்பையில் ஆம்புலன்ஸ் ஏறிப் போய்விட்டது.

திரவியத்தின் மனைவி ஷாலுவுக்கும் பாஸிட்டிவ். நல்லவேளையாகக் காய்ச்சலோடு நின்றது. அம்மாவும் மகளும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. மளிகையும் மருந்தும் மதில் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். தன் ஃபோனை மட்டும் ஒருத்தரும் இரவல் கொடுக்கவில்லை. ஃபோனில் கொரோனா ஒட்டிக்கொண்டு வரும் என்று பயம். ஒரு நாள் ஜெயபாய் ஸ்கூட்டரில் வந்து மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஜிஜியைப் பார்த்தாள். பிள்ளை அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"டீச்சர், நான் ஹாஜர் இல்லாம ரொம்ப நாளாச்சு. என் பேர வெட்டியாச்சா?"

ஜெயபாய் மதில் மேல் குனிந்தாள். பேரை வெட்டவில்லை என்று சொன்னாள், சத்தியமும் செய்தாள். ஆனால் பாடமே போய்ச் சேராத பிள்ளையிடம் உன் பேர் இருக்கிறது என்று சொல்லி என்ன புண்ணியம்? திரும்பும்போது கோயில் முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கோபுரத்தில் நாலு திசைக்கும் நாலு ஒலிபெருக்கிக் குழாய்கள். ஆராதனை நின்றுபோனதிலிருந்து அவை காக்கைக்கு நாற்காலியாக இருந்தன. அவற்றில் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். ஃபோன் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கும், இல்லாத பிள்ளைக்கும் கேட்கும், மாமரம் ஏற வேண்டாம்.

சபைச் செக்ரட்டரி லிங்கராஜ் ரப்பர் ஷீட் வியாபாரி. எதற்கும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிக்கிறவர். இதற்கும் முதலில் முடியாது என்றார். ஒரு கட்டன் சாயா குடித்து முடித்த பிறகு, "மைக் கொள்ளாம், நல்ல காரியந்தான். ஆனா பிள்ளைகள் கோயிலுக்குள்ள கூடப்பிடாது. போலீஸ் வந்தா நான் பதில் பறய முடியாது" என்றார்.

"பிள்ளைகள் அவங்கவங்க வீட்டு முற்றத்துல சிலேட்டோட இருக்கும் சார். உள்ளே நான் ஒருத்திதான்" என்றாள் ஜெயபாய். போதகரும் ஃபோனில் சம்மதம் சொன்னார். ஆக, மைக்குக்கு அனுமதி கிடைத்தது. மணியைப் பற்றி அங்கே பேச்சே வரவில்லை.

மணி பிறகு ஒட்டிக்கொண்டது. கோயிலைப் பெருக்கி, பூட்டித் திறந்து, மணி அடிக்கிறவரை அந்தப் பக்கத்தில் கோயில்குட்டி என்பார்கள். வேங்கைவிளைக் கோயில்குட்டி யோசுவா. பிள்ளைகள் எந்த நேரத்துக்கு வந்து உட்காருவார்கள் என்று ஜெயபாய் கேட்டதற்கு, "மணி அடிச்சா போச்சு டீச்சரே" என்றார் அவர். தான் அடிக்கப் போகிற நினைப்பில் சொன்னது அது. ஜெயபாய் அன்றைக்கே குரூப்பில் எழுதினாள்: நாளை காலை கோயில் மணி அடித்ததும் எல்லோரும் முற்றத்தில் இருக்க வேண்டும். ஃபோன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானே மதில் மதிலாகப் போய்ச் சொன்னாள். ஜிஜிக்கும் சொன்னாள். பெரியவர்களில் எத்தனை பேர் குரூப்பைப் படித்தார்கள்? பள்ளிக்கூட குரூப்பை எந்த வீட்டில் படிக்கிறார்கள்?

மறுநாள் அவள் கோயிலுக்கு வந்து சேர்கையில் யோசுவா ஃபோனில் கூப்பிட்டார். குரலே கம்பளிக்குள்ளிருந்து வந்தது.

"டீச்சரே, நேத்து கொரோனா ஊசி போட்டேனாக்கும். ராத்திரி முழுக்க பனி, மேலு தீயா காயுது. கை தூக்க முடியல்ல. சாவி நடைக்கல்லுக்குக் கீழ இருக்கு. நீங்களே கயிறப் பிடிச்சு இழுத்து விடுங்க. வேற ஒண்ணும் இல்ல."

இந்த 'வேற ஒண்ணும் இல்ல' என்பதை நம்பிக் கெட்டவர்கள் உலகத்தில் ஏராளம். ஜெயபாய் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அது அந்தக் காலத்து மிஷனரிகள் கப்பலில் கொண்டுவந்த வெண்கல மணி. ஆட்டம் பிடிக்கிறவரை ஆளையே தூக்கும். முழு உடம்பையும் போட்டு இழுத்ததில் ஒரு அடி விழுந்தது. கயிறு அவளை நுனிக்காலில் நிறுத்திவிட்டு இறங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மறுபடி இழுத்தாள். இன்னொரு அடி. உள்ளங்கை எரிந்தது. பள்ளிக்கூட மணியும் இப்படி ஒவ்வொன்றாகத்தானே அடிக்கும் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, கை பொறுத்தவரை அடித்தாள். பிறகு கோழிகள் உள்ளே வராமல் கதவைச் சாத்தி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள். பக்கத்தில் ஃபோன் இருந்தால் மைக் கரகரக்கும் என்று அதை அணைத்து வைத்தாள். மனசுக்குள் ஒரு சந்தோஷம். இன்றைக்கு ஜிஜிக்கும் பாடம் உண்டு.

வெளியே என்ன நடந்தது என்பது பிறகு ஊர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பார்கள். வேங்கைவிளையில் மணி ஓசை வந்தால் பின்னே வருவது யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் ஒரே ஒருத்தன்தான் அப்போது ஆக்ஸிஜனில் கிடந்தான். லிங்கராஜ் ரப்பர் ஷீட்டைத் தராசில் அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிடுவது அவர் நம்பருக்குத்தான். நேற்றைக்கு, அப்படியேதான் இருக்கிறார், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றிருந்தார்கள். தனக்கு வராத செய்தி போதகருக்கு வந்திருக்கும் என்று அவர் நினைத்தார். போதகருக்கு வந்திருக்கும் என்று மற்றவர்களும் நினைத்தார்கள். அன்றைக்குப் பக்கத்துச் சபைக்குப் போயிருந்த போதகர், விஷயம் கேள்விப்பட்டு, லிங்கராஜுக்கு வந்திருக்கும் என்று நினைத்தார். மணி அடிக்கச் சொன்ன யோசுவாவே காய்ச்சலில் திடுக்கிட்டு எழுந்து, "ஆருக்காக்கும் மணி?" என்று கேட்டார். "வேற ஆருக்கு? நம்ம திரவியத்துக்கு" என்றாள் அவர் மனைவி. கேட்டுவிட்டு யோசுவா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படுத்தார். இவரையும் ஒரு கோயில்குட்டி என்று சபை வைத்திருக்கிறது.

திரவியத்தின் சித்தப்பா மகன் பிரஜின் மம்மட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். கொரோனா சாவு என்றால் குழி ஆழமாக வேண்டும், உடல் வந்ததும் தாமதிக்காமல் அடக்க வேண்டும். அவனோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

மணியைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் ஊரில் பிள்ளைகள் மட்டும்தான். பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வர, பிள்ளைகள் சிலேட்டும் பாயுமாக முற்றத்துக்கு ஓடினார்கள். சில பிள்ளைகளுக்கு அதற்காக முதுகில் அடியும் விழுந்தது. அப்போதுதான் நாலு குழாயிலும் ஜெயபாயின் குரல் கணீரென்று வந்தது. அறிவிப்பு என்று ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்தார்கள்.

"பிள்ளைகளே, கழித்தல் பார்ப்போம். ஒரு பஸ்ஸில் பத்துப் பேர் இருந்தாங்க. அதுல ஒருத்தர் போயிட்டார். மிச்சம் எத்தனை பேர்?"

 ஊர் திறந்த வாயை மூட உலைமூடி போதவில்லை. சாவு மணி அடித்து ஓயவில்லை, அதற்குள் கணக்கா? கழக்கூட்டத்துக்காரிக்கு நெஞ்சு இரும்பா? அவள் பாட்டுக்கு, ஒருத்தர் போனால் அவரைத் திரும்பக் கூட்ட முடியாது, மிச்சம் இருக்கிறவர்களைத்தான் எண்ண வேண்டும் என்று அழகாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

கோயில் கதவை யாரோ இடித்தார்கள். ஜெயபாய் மைக்கை அணைத்துவிட்டுப் போய்த் திறந்தாள். லிங்கராஜ் நின்றார். முகம் வெளுத்திருந்தது, மாஸ்க் தாடையில் தொங்கியது.

"டீச்சரே, இது நல்லதில்ல. திரவியம் போயாச்சு. நீங்க அதுக்கு மேல கணக்கு நடத்துறீங்க."

ஜெயபாய் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "எப்போ சார்? ஆஸ்பத்திரியில இருந்து விளிச்சாங்களா?"

"எனக்கு விளிக்கல்ல."

"பின்னே யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? மணி அடிச்சில்லியா?"

"மணி நான்தானே அடிச்சேன்" என்றாள் ஜெயபாய். "வகுப்புக்கு."

லிங்கராஜ் அவளைப் பார்த்தார், மணிக்கயிற்றைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "ஒற்றை மணியா அடிச்சீங்க?" என்று கேட்டார். குரல் பாதி இறங்கியிருந்தது. ஒற்றை மணி என்றால் என்ன என்று அவர் சொல்லச் சொல்ல, ஜெயபாய் தான் அடித்ததை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததைக்கூட மன்னித்துவிடலாம். இது அப்படியா? ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்ல வந்து அதன் அப்பனையே கொன்றாயிற்று.

"ஷாலுவுக்கும் கேட்டிருக்குமா?"

"பின்ன கேட்காதா? ஊரெல்லாம் கேட்டாச்சு."

அவள் ஓடிப்போய் மைக்கைப் போட்டாள்.  "ஷாலு, நான் ஜெயபாய் டீச்சர். மணி அடிச்சது நான்தான். வகுப்புக்காக அடிச்சேன். ஆஸ்பத்திரியில இருந்து ஒரு செய்தியும் வரல்ல. எனக்கு இந்த ஊர் மணி தெரியாது. ஒண்ணும் இல்ல ஷாலு, பயப்பட வேண்டாம்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் சாவு வீட்டில் உறவுக்காரர்கள் வந்து சேர்கிற வரைக்கும் எல்லோரும் சொல்கிற சொல் அந்த 'ஒண்ணும் இல்ல'தான். அதைக் கேட்டதும் ஊரில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேரும் இனிச் சந்தேகமே இல்லை என்று முடிவுகட்டினார்கள்.

ஜெயபாய் மைக்கை விட்டுவிட்டு நடந்தாள், அப்புறம் ஓடினாள். லிங்கராஜ் ஃபோனைக் காதில் வைத்தபடி பின்னால் வந்தார். திரவியத்தின் நம்பர் நாட்கணக்காக ஆஃப் ஆகிக் கிடந்தது, அதை முயல்வதையே அவர் விட்டிருந்தார். ஆஸ்பத்திரி நம்பருக்கு அடித்தால் வரிசையில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டது. ஷாலுவின் வீட்டு மதிலைச் சுற்றி ஊரே தள்ளித் தள்ளி நின்றது. உள்ளே போகவும் முடியாது, திரும்பவும் மனசில்லை. ஷாலு முற்றத்தில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஜிஜி சிலேட்டை நெஞ்சோடு பிடித்தபடி பக்கத்தில் நின்று, "வகுப்புக்காக்கும் மணி. டீச்சர் நேத்தே பறஞ்சாங்க அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் பேச்சை யார் கேட்டார்கள்?

"ஷாலு" என்றாள் ஜெயபாய், மதிலில் கை வைத்து. "சத்தியமா சொல்றேன். எனக்குத் தெரியாம அடிச்சதுதான்."

"மறைக்காதீங்க டீச்சரே." ஷாலுவின் குரல் அமைதியாக இருந்தது, அதுதான் பயமாகவும் இருந்தது. "எங்க அப்பன் செத்தப்பவும் இப்படித்தான் பறஞ்சாங்க. ஒண்ணும் இல்ல, பைய வா, ஒண்ணும் இல்லன்னு. நான் போய்ச் சேருகதுக்குள்ள அடக்கம் முடிஞ்சாச்சு. ஒரு தடவ முகம் பார்க்க விட்டா போரும். பிளாஸ்டிக்ல கெட்டுகதுக்கு முன்ன."

 மணி பொய் என்று ஜெயபாய்க்குத் தெரியும். திரவியம் உயிரோடு இருக்கிறானா என்று அவளுக்கும் தெரியாது. நேற்றுச் சாயங்காலம் இருந்தான், அவ்வளவுதான். தான் தவறாக அடித்த மணி தற்செயலாக உண்மையாகவும் இருந்துவிட்டால்?  அவள் பெரிய ஜெபக்காரி இல்லை. இருந்தாலும் ஆண்டவரே, ஆண்டவரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் யாரையாவது பிடிக்கலாம் என்று அணைத்து வைத்திருந்த ஃபோனைப் போட்டாள்.

வகுப்பு குரூப்பில் செய்திகள் மளமளவென்று வந்து விழுந்தன. 'திரவியம் அண்ணனுக்கு ஆழ்ந்த இரங்கல்.' அதற்குக் கீழே பூக்கள். 'கடினமான உழைப்பாளி.' கூப்பிய கைகள். பேத்தி வகுப்பில் இருப்பதால் லிங்கராஜும் அந்த குரூப்பில் உண்டு. அவர் மூன்று பத்தி எழுதியிருந்தார். சகோதரன் திரவியம் சபைக்குத் தூணாக இருந்தவர், அவருடைய குறை தீராது என்று அதில் கண்டிருந்தது. ஜெயபாய் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். கடைசியில், எல்லா இரங்கலுக்கும் கீழே, ஒரு வரி நின்றது.

'ஜிஜி ஹாஜர்.'

திரவியத்தின் நம்பர். வந்து சில நிமிஷம்தான் ஆகியிருந்தது.  ஃபோனை யாராவது நர்ஸ் திறந்திருப்பாளோ? நர்ஸ் எதற்கு ஜிஜிக்கு ஹாஜர் போடுகிறாள்? இந்த உலகத்தில் அந்தப் பிள்ளைக்கு ஹாஜர் போடுகிற ஆள் ஒருத்தன்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தியும் வந்தது. ஜெயபாய் அதைத் தட்டி, ஒலியை முழுக்கக் கூட்டி, மதிலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"ஆரு போனா?" இருமல். மூச்சு. "என் பேருல்லா போட்டிருக்கு. நான் போகல்ல. நேத்து ராத்திரி வார்டுக்கு மாத்தியாச்சு. இப்பதான் ஃபோன் கையில தந்தாங்க." மறுபடி இருமல். "லிங்கராஜ் அண்ணன் எழுதினது கொள்ளாம். இவ்வளவு நல்ல எண்ணம் மனசுல இருந்தும் ஒரு நாளும் பறயல்லியே."

மதிலைச் சுற்றி நின்றவர்களில் யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. யார் முதலில் அழுதார்கள் என்றும் தெரியாது. லிங்கராஜ் வேறு பக்கம் திரும்பி மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டார். ஜெயபாய் அந்த நம்பரைக் கூப்பிட்டு, ரிங் போகிறபோதே ஃபோனை மதில் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஃபோனில் கொரோனா ஒட்டுமா என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஷாலு எழுந்து வந்து எடுத்தாள். காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவன் ஹலோ, ஹலோ என்று கூப்பிடுவது எல்லோருக்கும் கேட்டது. கடைசியில், "சோறு தின்னியா?" என்று கேட்டாள். கேட்டதும்தான் அவளுக்கு அழுகை உடைந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. ஜெயபாயும் அழுதாள், மறைக்கவில்லை. நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தாற்போல் இருந்தது.

ஜிஜி அம்மாவின் கையிலிருந்து ஃபோனைப் பறித்தாள். "அப்பா, நீ எதுக்கு ஃபோன கொண்டு போனே? என் பேர வெட்டியிருப்பாங்க."

"வெட்டல்ல ஜிஜி மக்களே. இப்பதான் ஹாஜர் போட்டிருக்கேன்" என்றது ஃபோன்.

கல்லறைத் தோட்டத்தில் பிரஜினும் கூட்டாளிகளும் இடுப்பளவு வெட்டி முடித்திருந்தார்கள். செய்தி கேட்டு மம்மட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார்கள். வெட்டின குழியை வெறுமனே மூடப்பிடாது, ஊருக்கு ஆகாது என்று லிங்கராஜ் ஒற்றைக்காலில் நின்றார். அதனால் பாதி மண்ணைத் தள்ளி ஒரு தென்னம்பிள்ளை நட்டார்கள். வீடு திரும்பிய பிறகு திரவியம் அதைத்தான் முதலில் போய்ப் பார்த்தான். இப்போதும் அந்தத் தென்னைக்குத் தண்ணீர் விடுவது அவனேதான், காய்த்தால் முதல் குலை டீச்சருக்கு என்று சொல்லிக்கொண்டு.

ஆனால் அன்றைக்கு லிங்கராஜ், பயம் தெளிந்ததும், பழையபடி செக்ரட்டரி ஆனார். மதிலடியிலேயே சொன்னார்: "மதி டீச்சரே, போரும். இனி மணியும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். கர்த்தர் ஒரு தடவ காப்பாத்தினார்."

ஜெயபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.  அவர் சொல்வதில் தப்பு என்ன? இத்தனையும் நடந்த பிறகு இனி மைக்கைத் தொட அவள் கையே கூசியது. ஜிஜிக்கு வேறு ஏதாவது வழி பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.

"அடிக்கணும்" என்றது மதிலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஷாலு ஜிஜியின் தோளைப் பிடித்தபடி நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "நாளைக்கும் அடிக்கணும் அண்ணா. இன்னைக்கு அடிச்சத இப்படியே விட்டா, அது அவருக்கு அடிச்ச சாவு மணியாத்தான் என் காதுல கிடக்கும். இனி ஒரு நாளும் எனக்கு அந்த மணி கேட்க ஒக்காது. தினமும் வகுப்புக்கு அடிக்கட்டும். கேட்டுக் கேட்டு அது வகுப்பு மணியா ஆகட்டும்."

 லிங்கராஜ் வழக்கம்போல முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

சாயங்காலம் காய்ச்சல் விட்டு எழுந்த யோசுவா, நடந்ததெல்லாம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு வழி கண்டுபிடித்தார். தொடர்ந்து அடித்தால் ஆராதனை, ஒற்றையாக அடித்தால் சாவு. மூன்று மூன்றாக அடித்தால்? அப்படி அந்த ஊரில் யாரும் யாருக்கும் அடித்ததில்லை. போதகர் சரி என்றார். லிங்கராஜ் இரண்டு கட்டன் சாயா குடித்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் யோசுவா, ஊசி போடாத கையால், மும்மூன்றாக மணி அடித்தார். அடித்துவிட்டு, எங்காவது அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை பாய் தேடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜெயபாய் ஃபோனை அணைக்கப் போனாள். அதில் விடியுமுன்னே ஒரு செய்தி வந்து கிடந்தது. 'ஜிஜி ஹாஜர்.' ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிட்டிருக்கிறது மனிதனுக்கு. இந்தத் தடவை அவள் அவனைத் திட்டவில்லை.

மைக்கைப் போட்டு, பாடத்துக்கு முன்னால் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து, கிணற்றடியிலிருந்து, மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் தொண்டை கிழியப் பதில் சொன்னார்கள். "ஜிஜி" என்றாள். "ஹாஜர் டீச்சர்" என்று கீழத் தெருவிலிருந்து வந்தது. எல்லாப் பேரும் முடிந்தது. ஜெயபாய் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மைக்கை வாய்க்கு அருகில் இழுத்து, இன்னும் ஒரு பேரைக் கூப்பிட்டாள்.

"திரவியம்."

குழாய்களில் அந்தப் பேர் நாலு பக்கமும் போய் அடங்கியது. ஊர் அப்படியே நின்று கேட்டது. பிறகு, ஜிஜியின் குரல் வந்த அதே முற்றத்திலிருந்து, இருமலோடு, ஷாலுவின் குரல் வந்தது.

"ஹாஜர் டீச்சரே."